வேலை நடக்கும் வீட்டிலேயே குடியிருப்பது எப்படி

வீட்டைப் புதுப்பிக்க முடிவு செய்பவர்கள் டைல்ஸின் நிறம், கிரானைட்டின் தடிமன், அலமாரிக்கு எந்த பிளைவுட் என்பவற்றைப் பற்றி வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். வேலை நடக்கும் ஒன்றிரண்டு மாதங்கள் அதே வீட்டில் எப்படிச் சமைப்பது, எங்கே குளிப்பது, யார் எங்கே படுப்பது என்பது மட்டும் கொத்தனார் முதல் டைலைப் பெயர்த்த பிறகுதான் நினைவுக்கு வரும். சென்னையில் இரண்டு மாதத்துக்கென்று வாடகை வீடு கிடைப்பது எளிதன்று. கிடைத்தாலும் முன்பணம், சாமான் ஏற்றி இறக்கும் கூலி, பிள்ளைகளின் பள்ளி வேன் என்று செலவும் அலைச்சலும் கூடுகின்றன. ஆகவே பெரும்பாலோர் குடியிருந்துகொண்டே வேலையை முடிக்கிறார்கள். அதை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்கான வழிகாட்டி இது.

எல்லா ஏற்பாட்டுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தூசி புகாத ஓர் அறை, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை, அடுப்பு எரியும் ஓர் இடம் ஆகிய மூன்றும் வேலை தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை ஒரு நாளும் நிற்கக் கூடாது. வேலையின் வரிசை இந்த மூன்றையும் ஒட்டித்தான் அமைய வேண்டும். எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் உடைத்துப் போட்டால் கூலியிலும் நாளிலும் சற்று மிச்சமாகும் என்று மேஸ்திரி சொல்வார்; அது உண்மையும்கூட. ஆனால் அந்த மிச்சம் முழுவதும் ஹோட்டல் பில்லாகவும் மருத்துவச் செலவாகவும் போய்விடும்.

இருப்பதா, வெளியேறுவதா

சில சூழ்நிலைகளில் வீட்டில் இருக்கவே கூடாது. ஒரே ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் அதையே உடைக்க வேண்டியிருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதுதான் வழி. குளியலறை வேலை 'நாலு நாள்' என்று சொல்லப்பட்டாலும், உடைப்பு, குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, சோதனை, டைல்ஸ் என்று வரிசையாக எண்ணினால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் உடைப்பு நடக்கும் நாட்களிலும் பழைய பெயிண்ட் சுரண்டும் நாட்களிலும் வீட்டில் இருக்கலாகாது. கூரைத் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளில் அந்த அறையின் கீழ் யாரும் படுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்து இப்படிக் காரை உதிர்வது சாதாரணமாகக் காணப்படுவது.

மற்றவர்கள் முழுவதுமாக வெளியேற வேண்டிய தேவையில்லை. வேலையின் மொத்த நாட்களில் தாங்க முடியாதவை சிலவே: உடைப்பு நாட்கள், தரை தேய்க்கும் நாட்கள், மரத்துக்கு பாலிஷ் அடிக்கும் நாட்கள். இவற்றை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் மட்டும் பெரியவர்களையும் குழந்தைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பினால் போதும். இரண்டு மாதம் தங்க வருகிறோம் என்றால் தயங்கும் உறவினர்கூட நான்கு நாட்கள் என்றால் மகிழ்ச்சியாகவே வரவேற்பார்.

எந்த மாதத்தில் தொடங்குவது

சென்னைக்கு ஏற்ற காலம் பொங்கல் முடிந்து தை, மாசி மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பூச்சு வேலை சீராக உலரும், ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மார்ச் மாதத்தில் வருவதால், தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இந்தக் காலம் ஒத்துவராது. அவர்கள் தேர்வு முடிந்தபின் தொடங்கி, மே மாதத்துக் கத்திரி வெயிலைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. புது வீடு கட்டத் தொடங்குவதற்குப் பலர் தயங்கும் ஆடி மாதத்தில் நல்ல ஆட்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். புதுப்பிக்கும் வேலைக்கு ஆடி பார்க்காத குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் மொட்டை மாடி வேலையையும் வெளிச்சுவர் பெயிண்டையும் எடுக்கவே கூடாது. அந்த மாதங்களில் உள்வேலை நடந்தாலும் சிமெண்ட் மூட்டைகள் ஈரம் வாங்கும், சுவர் காய்வதற்கு நாள் பிடிக்கும், ஜன்னலை மூடியே வைக்க வேண்டியிருப்பதால் தூசி வீட்டுக்குள்ளேயே சுற்றும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளின் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்களின் நாட்காட்டியும் ஒன்று உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஹோலிக்கும் துர்கா பூஜைக்கும் சத் பூஜைக்கும் சொந்த ஊர் போனால் ரயில் டிக்கெட்டைப் பொறுத்துத்தான் திரும்புவார்கள். குளியலறையை உடைத்துப் போட்ட மறுநாள் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடாதபடி தேதிகளை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியிடம் பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை

கூலி மட்டும் பேசுவதா, மெட்டீரியலோடு மொத்தமாக விடுவதா என்பது தனிக் கதை. இங்கே குடியிருப்பு தொடர்பான பேச்சு மட்டும். முதலில் வேலையின் வரிசை. இரண்டு குளியலறைகள் இருந்தால் ஒன்றை முழுவதும் முடித்து, தண்ணீர் விட்டு, உபயோகத்துக்கு வந்த பிறகே மற்றதில் உளி வைக்க வேண்டும். படுக்கையறைகள் இரண்டென்றால் ஒன்றில் எல்லாச் சாமான்களையும் அடைத்துவிட்டு மற்றதை முடித்து, பிறகு சாமான்களை மாற்ற வேண்டும். ஹாலைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் எல்லா அறைகளுக்கும் மணலும் சிமெண்டும் ஹால் வழியாகத்தான் போகும், புதுத் தரையின்மீது அவை போகக் கூடாது.

அடுத்தது நடைபாதை. புதிதாக டைல்ஸ் பதித்த தரையில் குறைந்தது ஒரு நாள் கால் வைக்கக் கூடாது. படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் மாலை ஐந்து மணிக்கு டைல்ஸ் பதித்துவிட்டு ஆட்கள் கிளம்பிவிட்டால் இரவு முழுவதும் வீட்டார் என்ன செய்வார்கள்? ஆகவே நடையையும் ஹாலையும் நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி இறுகிய பின் மறுபாதியை எடுக்கச் சொல்ல வேண்டும். சற்று முணுமுணுத்தாலும் செய்து தருவார்கள்.

பழைய மொசைக் தரை உறுதியாக இருந்தால் அதை உடைக்காமலே, அதன் மேல் டைல்ஸ் பசை கொண்டு ஒட்டிவிடலாம். உடைப்புச் சத்தம், தூசி, ரப்பிஷ் அள்ளும் செலவு ஆகிய மூன்றும் ஒருசேரக் குறைவதால், குடியிருந்துகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். தரையைத் தட்டிப் பார்த்து வெற்றோசை கேட்கும் இடங்களை மட்டும் பெயர்த்துச் சரிசெய்ய வேண்டும். தரை சற்று உயர்வதால் கதவுகளின் அடிப்பகுதியைச் சீவ வேண்டியிருக்கும். குளியலறை வாசலின் மட்டத்தையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை வேலை முடியும் கட்டங்களுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். 'முதல் குளியலறை உபயோகத்துக்கு வந்ததும்' என்பது ஒரு கட்டமாக எழுதப்பட்டிருந்தால், மேஸ்திரியே அதை முதலில் முடிக்க ஆர்வம் காட்டுவார்.

அக்கம்பக்கத்தார்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து, வேலை நேரம், ஞாயிற்றுக்கிழமை அனுமதி, லிஃப்டில் மூட்டை ஏற்றலாமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தத்துக்கு ஒலி மாசு விதிகளின்படியே கட்டுப்பாடு உண்டு; சங்கங்கள் பெரும்பாலும் இதைவிடக் கண்டிப்பாகவே நேரம் வகுத்திருக்கும். மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை டிரில்லிங் வேண்டாம் என்று நீங்களாகவே ஒப்புக்கொண்டால், தூங்கும் குழந்தை உள்ள வீடுகளில் உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும். தூணையும் பீமையும் தொடும் எந்த மாற்றத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் செய்யக் கூடாது. சுவரில் ஒயருக்குக் காடி வெட்டுபவர் தூணைக் குறுக்கே கொத்திக்கொண்டு போவது அடிக்கடி நடப்பது என்பதால் அன்றைக்குக் கண்ணெதிரே நில்லுங்கள்.

குளியலறையை உடைக்கும் முன், கீழ் வீட்டாரின் குளியலறைக் கூரையை அவர்களுடைய அனுமதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது மிக முக்கியமானது. பழைய ஈரக்கறை எது, புதியது எது என்பதில் பின்னால் வரும் சண்டையை அந்தப் படங்கள் தீர்த்துவிடும். தண்ணீர்க் குழாயின் பிரதான வால்வை பிளம்பர் மூடும் நாளில் அதே குழாயில் உள்ள மற்ற வீடுகளுக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிட வேண்டும்.

தூசி புகாத அறை

வீட்டில் வேலை நடக்கும் இடத்திலிருந்து தொலைவாகவும், தனி ஜன்னல் உள்ளதாகவும், முடிந்தால் கழிப்பறையோடு சேர்ந்ததாகவும் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறைக்குள் கட்டில், மாற்றுத் துணி, மருந்து, பள்ளிப் பைகள், மடிக்கணினி, இன்டர்நெட் மோடம் ஆகியவை மட்டும் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரங்களின் அசலையும் நகையையும் வேலை தொடங்கும் முன்பே வங்கி லாக்கருக்கு அனுப்பிவிடுங்கள். வேலையாட்களைச் சந்தேகிப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமான்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் நாமே வைத்த இடம் நமக்கே மறந்துபோகும்.

கதவை மூடிவிட்டால் தூசி வராது என்று நம்பக் கூடாது. கிரானைட்டையும் டைல்ஸையும் வெட்டும்போது கிளம்பும் தூசி மாவைவிட நுண்மையானது. கதவிடுக்கிலும் சாவித் துவாரத்திலும் புகுந்துவிடும். கெட்டியான பாலித்தீன் ஷீட்டைக் கதவின் நிலையைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் அகலமாக வெட்டி, வேலை நடக்கும் பக்கத்தில் மரநிலையின்மீது மாஸ்கிங் டேப் கொண்டு ஒட்ட வேண்டும். சுவரின்மீது ஒட்டினால் டேப்பை எடுக்கும்போது டிஸ்டெம்பரும் சேர்ந்து உரிந்து வரும். ஷீட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெட்டு போட்டு, அந்த வெட்டின்மீது இன்னொரு ஷீட்டைத் திரைபோல மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். போகவர வழியாயிற்று, தானாகவே மூடியும் கொள்ளும். அடிப்பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தைப் படுக்க வைத்து, வாசலில் ஈரமான கோணிச் சாக்கை மடித்துப் போட்டால் காலில் ஒட்டி வரும் தூசி அதிலேயே நின்றுவிடும். சாக்கைக் காலையும் மாலையும் அலசிப் போட வேண்டும்.

தூசியைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது இதைவிடப் பயன் தரும். டைல்ஸ், கல் வெட்டும் மிஷினை மொட்டை மாடியிலோ வெளி வராந்தாவிலோ மட்டும் வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது. வீட்டாருக்கு அது சில நாள் துன்பம் என்றால், வெட்டுபவருக்கு வாழ்நாள் நோய். அவருக்கும் என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, போடச் சொல்லிக் கேட்பது வீட்டுக்காரரின் கடமை என்றே கருதுகிறேன்.

பெருக்கும்போது தண்ணீர் தெளித்துத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரை சிமெண்ட் தூசியில் போட்டால் அதன் பை உடனே அடைத்துக்கொள்ளும். துடைத்த அழுக்குத் தண்ணீரைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றக் கூடாது; சிமெண்ட் உள்ளே இறுகி அடைப்பாகும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரைச் செடியற்ற மண்ணிலும் அடிவண்டலை ரப்பிஷோடும் சேர்த்துவிடுங்கள்.

தூக்க முடியாத சாமான்களுக்குப் பழைய பருத்திப் புடவைகளே சிறந்த உறை. அதன்மேல் பாலித்தீன் சுற்றினால் போதும். ஏசி பாதுகாத்த அறையிலேயே இருந்தாலும், வெளியூனிட் இருக்கும் பக்கம் கல் வெட்டும்போது அதை ஓட்டாமல் இருப்பது நல்லது. ஃபிரிட்ஜை ஓட்டிக்கொண்டே முழுக்க மூடினால் சூடேறிக் கெட்டுவிடும். பின்புறமும் பக்கங்களும் காற்றோட்டமாக இருக்கட்டும். பூஜையறையில் கை வைப்பதானால் சாமி படங்களைத் துடைத்து, புதுத்துணியில் சுற்றி, பாதுகாத்த அறையில் ஓர் அலமாரித் தட்டில் வைத்துவிடலாம். அங்கேயே விளக்கேற்றுவதானால் பாலித்தீன் ஷீட்டிலிருந்து தள்ளி ஏற்றுங்கள்.

அடுப்பும் சாப்பாடும்

தற்காலிகச் சமையலிடத்துக்கு மூன்று தேவைகள்: காற்றோட்டம், தண்ணீர் எட்டும் தூரம், 16 ஆம்பியர் பிளக். பால்கனியோ, ஹாலின் ஜன்னலோரமோ ஏற்றது. பழைய சாப்பாட்டு மேசையின்மீது ஒரு கடப்பா கல் துண்டையோ பழைய டைல்ஸையோ பரப்பி அடுப்பை வைத்துக்கொள்ளலாம். காஸ் அடுப்பானால் சிலிண்டர் நிமிர்ந்து, மேசைக்குக் கீழே காற்று உலவும் இடத்தில் இருக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய அறையிலும், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆசாரி பசை தடவும் நாளிலும், தின்னர் கலந்து பாலிஷ் அடிக்கும் நாளிலும் அதே தளத்தில் நெருப்பு மூட்டவே வேண்டாம். காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

என் கருத்தில் இந்த இரண்டு மாதத்துக்கு இண்டக்‌ஷன் அடுப்பும் எலெக்ட்ரிக் குக்கரும் போதும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல் தனித்தனி பிளக்கில் மாட்ட வேண்டும். கிரைண்டரைப் பாதுகாத்த அறைக்குள் மூடி வைத்துவிட்டு, இட்லி மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை வீட்டில் அரைத்த மாவு என்ற பிடிவாதத்தைத் தளர்த்துவதில் குற்றமில்லை. வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, தக்காளித் தொக்கு ஆகியவற்றைச் செய்து பாட்டிலில் அடைத்துவிட்டால், ஒரு சாதம் வடித்தாலே ஒரு வேளை முடிந்துவிடும். ரசமும் அப்பளமும் இருந்தால் விருந்து.

பாத்திரம் தேய்ப்பதுதான் உண்மையான சிக்கல். சமையலறைத் தொட்டி இல்லாத வாரங்களில் வாழை இலையிலும் மந்தாரை இலையிலும் சாப்பிடுவது தேய்ப்பதைப் பாதியாகக் குறைக்கும். மீதியை பால்கனியில் இரண்டு டப்களை வைத்து, ஒன்றில் தேய்த்து மற்றதில் அலசலாம். தட்டு, டம்ளர், கரண்டி ஆகியவை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் முன்பே பேசி, கூடுதல் தூசிக்குக் கூடுதல் சம்பளம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாளிலிருந்து அவர் வராமல் இருப்பது நியாயமே.

சமைத்த உணவைத் திறந்து வைக்காதீர்கள். குடிநீர் 20 லிட்டர் கேனையும் துணியால் மூடி, மேசைமீது வையுங்கள்.

தண்ணீரும் குளியலறையும்

மணலையும் ஜல்லியையும் சம்ப் மூடியின் பக்கத்தில் கொட்டவிடக் கூடாது. மூடியின் விளிம்பைச் சுற்றிப் பாலித்தீன் விரித்து ஒட்டி, லாரி வரும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாட்டரில் எம்‌சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்தால் மோட்டாரும் கெடும். கலவைக்கும், பூச்சை நனைத்து இறுக வைப்பதற்கும் நிறையத் தண்ணீர் செலவாகும் என்பதால், அதற்கென ஒரு டிரம்மை ஒதுக்கி, வீட்டுக்கான தண்ணீரைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கம்பி கட்டிக் கான்கிரீட் போடும் வேலைக்கு உப்பு மிகுந்த போர் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது, கம்பி துருப்பிடிக்கும்.

குளியலறையில் நீங்கள் நேரில் பார்க்க வேண்டிய ஒரே கட்டம் நீர்க்கசிவுச் சோதனை. நம் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் தாழ்த்திப் போடப்பட்டு, குழாய்கள் ஓடியபின் செங்கல் துண்டுகளால் நிரப்பப்பட்டிருக்கும். புதிய கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், கழிவுத் துவாரங்களைத் துணியும் பிளாஸ்டிக்குமாக அடைத்து, அந்தத் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஆவியாகிப் போகும் சிறிதளவு போக மட்டம் குறையக் கூடாது, கீழ் வீட்டுக் கூரையிலும் ஈரம் தெரியக் கூடாது. 'நேரமாகுதுங்க, டைல்ஸ் ஆள் வெயிட்டிங்' என்று அவசரப்படுத்துவார்கள். இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண்டு அதே டைல்ஸை உடைக்க நேரும்.

பூச்சு வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் 7 முதல் 10 நாட்கள் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள்; அன்று தண்ணீர் ஊற்றுவது வீட்டாரின் பொறுப்பு. தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் கொசு பறந்துவிடும். டெங்கு பரவுவது இப்படித்தான். டிரம்மை மூடி வையுங்கள், பாத்தி கட்டிய தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை வடித்து மாற்றுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மூடாத டிரம் கொசுவைவிடப் பெரிய ஆபத்து.

மின்சாரம்

வெட்டும் மிஷினின் ஒயரில் பிளக் இருக்காது. இரண்டு கம்பிகளைச் சாக்கெட் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கிவிடுவார்கள். இந்தக் காட்சியைப் பார்க்காத வேலை வீடு சென்னையில் இருக்க முடியாது. முதல் நாளே இரண்டு மூன்று பிளக்குகளையும் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் வாங்கி வந்து, அவை இல்லாமல் மிஷின் ஓடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஈரமும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடமாதலால், உங்கள் வீட்டுப் பலகையில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்து, இல்லையென்றால் எல்லா வேலைக்கும் முன்பாக அதைப் பொருத்தச் சொல்லுங்கள். புது ஒயரிங்கானால் பாதுகாத்த அறைக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகும் லைனைக் கடைசியாக மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம்

அன்றாட வாழ்க்கையை நடத்துவதற்கு மணிக்கணக்கு தேவை. ஆட்கள் ஒன்பது மணிக்கு வருவதற்குள் வீட்டார் குளித்து, சமைத்து, பாத்திரத்தை மூடி வைத்திருக்க வேண்டும். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீ; கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் வரவழைப்பதே உங்களுக்கு எளிது. குடிக்கத் தண்ணீரும் கைகால் கழுவ இடமும் எதுவென்று முதல் நாளே காட்டுங்கள். கழிப்பறை உபயோகமும் அவ்வாறே. சித்தாளாக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால், கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் ஒருவர் மட்டும் மேஸ்திரியோடு பேசுவது நல்லது. மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று, அலுவலகத்திலிருந்து போனில் கணவர் ஒன்று என்று சொன்னால் கொத்தனார் தமக்குச் சுலபமானதைச் செய்துவிடுவார். மாலையில் ஆட்கள் கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன் அந்த ஒருவர் சுற்றிப் பார்த்து, ஆணி, உடைந்த டைல்ஸ் துண்டு, திறந்த குழி ஆகியவை அகற்றப்பட்டனவா என்று கவனித்து, மறுநாள் எந்த இடத்தில் வேலை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அன்றிரவு எந்தச் சாமானை நகர்த்துவது என்பது தெரியும். கூலியைச் சனிக்கிழமை மாலை தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள்; திங்கட்கிழமை ஆட்கள் வருவது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்கள் டிரில்லிங் நேரத்தை முந்தின மாலையே கேட்டு, முக்கியமான கூட்டங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். உடைப்பு நாட்களில் அலுவலகத்துக்குப் போய்விடுவதே மேல்.

ரப்பிஷ்

உடைத்த செங்கலும் காரையும் மாநகராட்சியின் அன்றாடக் குப்பை வண்டியில் போடக் கூடாதவை. தெருவோரத்திலும் ஏரிக்கரையிலும் கொட்டினால் அபராதம் விழும். பெருநகர சென்னை மாநகராட்சிக்குக் கட்டடக் கழிவுகளைப் பதப்படுத்தும் நிலையங்கள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ளன. எடுத்துச் செல்லும் ஏற்பாட்டையும் கட்டணத்தையும் 1913 என்ற எண்ணில் கேட்டு அறியலாம். ரப்பிஷை அகற்றுவது மேஸ்திரியின் பொறுப்பா, உங்கள் பொறுப்பா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பழைய சிமெண்ட் மூட்டைச் சாக்குகளில் பாதியளவே நிரப்பிக் கட்டினால் மாடிப்படியில் சிந்தாமல் இறக்கலாம். மூட்டைகளை பால்கனியில் குவித்து வைக்காதீர்கள். அந்தப் பாரத்துக்கு அது கட்டப்பட்டதன்று. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

பெயிண்ட்

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் உலர்ந்த உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அந்த ஈயம் தூசியாகிக் குழந்தைகளின் கைவழியே வயிற்றுக்குப் போகும். நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். பட்டி பார்த்துத் தேய்க்கும் நாட்களின் வெள்ளைத் தூசி உடைப்புத் தூசிக்குச் சளைத்ததன்று என்பதால், கதவில் ஒட்டிய ஷீட்டை பட்டி வேலை முடியும்வரை எடுக்க வேண்டாம். பெயிண்ட் அடித்த அறையில் மணம் அடங்கும்வரை, குறைந்தது இரண்டு மூன்று இரவுகள், ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வேறிடத்தில் படுங்கள்.

கடைசி வாரம்

இறுதித் தவணையைக் கொடுக்கும் முன் சில சோதனைகளைச் செய்யுங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள்; தேங்கினால் உள்ளே சிமெண்ட் இறுகியிருக்கிறது, ஆட்கள் இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீரைத் தெளித்து, அது தானாகத் துவாரத்தை நோக்கி ஓடுகிறதா என்று கவனியுங்கள். எல்லாச் சாக்கெட்டுகளையும் ஒரு டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். ஏசியின் ஃபில்டரைக் கழுவி, மின்விசிறி இறக்கைகளைத் துடைத்த பிறகே ஓட்டுங்கள். மேல்தொட்டியையும் சம்ப்பையும் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது.

டைல்ஸின் மேல் படிந்த சிமெண்டை எடுக்க ஆட்கள் ஆசிட்டைக் கொண்டுவருவார்கள். முதலில் வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு முயலச் சொல்லுங்கள். ஆசிட் இடுக்குகளில் அடைத்த வெள்ளைச் சிமெண்டையும் குழாய்களின் பளபளப்பையும் தின்றுவிடும். மீந்த டைல்ஸில் ஒவ்வொரு வகையிலும் ஏழெட்டை எடுத்து, பெட்டியில் அச்சிட்ட ஷேட் எண் தெரியும்படி பரணில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு ஒரு குழாய்க்காக இரண்டு டைல்ஸை உடைக்க நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பெயிண்டின் நிற எண்ணையும், சுவருக்குள் ஒயரும் குழாயும் ஓடும் வழியைப் பூசுவதற்கு முன் எடுத்த படங்களையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.